கிடாய் துலுக்கிய நாள்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருடம் முன்பு, ஒரு தை மாதத்தில், மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் இது நடந்தது. அப்போது நான் சேலம் அம்மாபேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவனும் இல்லை. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். நமக்கு மட்டும் உள்ளே ஒன்றும் நடக்க மாட்டேன் என்கிறதே, வேறு மதங்களிலாவது ஏதாவது கிடைக்குமா என்று தேடப் புறப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போனேன். பாட்டு மிகவும் பிடித்தது. ஆனால் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு மோட்சம் இல்லை என்று ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னார்கள். செத்துப்போன என் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய் என்ன செய்ய? தர்காவில் ஒரு பக்கீர் மயில் தோகையால் தலையைத் தடவினார். தடவுகிற மட்டும் சுகமாக இருந்தது. வேதாந்தச் சொற்பொழிவு ஒன்றில் உலகமே மாயை என்று கேட்டுவிட்டு வெளியே வந்தால், என் புதுச் செருப்பைக் காணோம். அதை மாயை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"ஏன்டா, ஊர்ச் சாமியெல்லாம் சுத்திப் பாத்துட்டு வாரியே, நம்ம சாமி என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று என் அக்கா கேலி செய்வாள்.

அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்த்து ஒரே மகளை வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் ஒன்று கூடிவந்தது. எங்கள் வகையறாவில் கல்யாணத்தை உறுதி செய்யும் முன் குலதெய்வத்திடம் உத்தரவு கேட்பது வழக்கம். கிடாயைச் சாமி முன்னே நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சம்மதமா என்று கேட்க வேண்டும். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். அதைத் துலுக்குவது என்போம். துலுக்காவிட்டால் கல்யாணப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

தகப்பன் இல்லாத பெண் என்பதால், தண்ணீர் ஊற்றிக் கேட்கிற பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தானே செய்யும், இதில் என்ன சிரமம் என்று செம்பைக் கையில் வாங்கினேன்.

ஊற்றினேன். கிடாய் அசையவில்லை. மறுபடியும் மறுபடியும் ஊற்றினேன். அது பாட்டுக்குக் கீழே கிடந்த வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "தகப்பனில்லாத ஊடு. சாமிக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குதுங்க" என்று யாரோ சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. விதவை நல்ல காரியத்தில் முன்னே நிற்கக் கூடாது என்று அக்கா தூரத்தில் மரத்தடியில் தனியாக நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அப்போது கல்யாணப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நீங்க வெறுமனே தண்ணிதான் ஊத்தறீங்க. வாயத் தொறந்து கேளுங்க மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாள் முழுக்கப் பாடம் சொல்கிற வாய், அங்கே மூடியே கிடந்திருக்கிறது. நம்பாத ஒன்றிடம் எப்படிக் கேட்பது? ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமில்லை.

"சாமி, நீ யாரா இருந்தாலுஞ் சரி" என்று ஆரம்பித்தேன். "எங்கக்கா ஒண்டியாக் கெடந்து இந்தப் புள்ளைய வளத்துச்சு. அது பட்டதெல்லாம் போதும் சாமி. இந்தப் புள்ளையாவது நல்லாருக்கோணும்." அத்தனை சனத்துக்கு நடுவில் அழுதுவிட்டேன்.

கிடாய் அப்போதும் துலுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். வந்ததிலிருந்து வாய் திறக்காதவர். நேரே மரத்தடிக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "பெத்தவளத் தூர நிறுத்திப்போட்டுச் சாமியக் கேட்டா, அது எப்படிங்க சொல்லும்? ஆடு துலுக்கட்டும், துலுக்காம போவட்டும், இந்தப் புள்ளதான் எங்கூட்டுக்கு வாரா" என்றார். என் கையிலிருந்த செம்பை வாங்கி அக்காவிடம் கொடுத்தார். ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அந்த அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டது.

அக்காவுக்குக் கை நடுங்கியது. தண்ணீர் சிதறிக் கிடாயின் காதுப் பக்கம் விழுந்தது. தலையிலிருந்து வால் வரை ஒரே உதறல்! எங்கள் எல்லார் மேலும் மஞ்சள் தண்ணீர். மேளம் முழங்கியது. அக்காவும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

காதில் தண்ணீர் போனால் ஆடு உதறும் என்பது எனக்குத் தெரியும். அக்காவின் கை நடுங்கியதையும் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். மனசு நிறைந்திருந்தது. மத்தியானம் அந்தக் கிடாய்க்கறியை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் இப்போது பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறாள். நான் ஒன்றும் பெரிய பக்தனாகிவிடவில்லை. மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் இன்னும் போகிறேன், குலதெய்வத்தையும் விடுவதில்லை. முன்பெல்லாம் எது நிஜம் என்று சோதித்துப் பார்க்கப் போவேன். இப்போது யாருக்காவது நல்லது கேட்கப் போகிறேன். யாருக்காகக் கேட்கிறேன் என்பது நெஞ்சில் நிச்சயமாக இருக்கும்போது, யாரிடம் கேட்கிறேன் என்பது தெரியாதது எனக்கு ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.