ஆளில்லா வண்டிக்குக் குறுக்கே

முத்துச்செல்வி ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி என்னவென்று தூத்துக்குடியில் அவள் அப்பா ஒருவருக்குத்தான் சொல்லத் தெரியும். தங்கதுரை துறைமுகச் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவர். மகளுக்கு எப்போது கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "டிரைவர் இல்லாமத் தானா ஓடுத வண்டி வரப்போவுதுல்லா, அதுக்குக் குறுக்க நடந்து போறவனும் சைக்கிள்ல போறவனும் என்ன செய்வான்னு எம்மவ கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கா" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் கல்யாணப் பேச்சை மறந்து தார்ப்பாயை வாங்கிக்கொண்டு போவார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் கண்டுபிடித்ததுதான் ஒன்றுமில்லை. வெளிநாட்டில் செய்ததையே சென்னையிலும் செய்து, அங்கே வந்த விடையே இங்கேயும் வந்தால் யார் பட்டம் கொடுப்பார்கள்? உதவித்தொகை நின்றுபோனது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் டாக்டர் பட்டத்தோடு போய்விட்டார்கள். கடைசியாக ஒரு நீட்டிப்பு கிடைத்தது. அதிலும் முடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சோதனையைத் தன் ஊரிலேயே வைக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. சோதனை என்றால் பெரிய மாயமில்லை. நிஜமான தானோட்டி வண்டிக்கு அவள் எங்கே போவாள்? ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பெரிதாக ஓர் உறை தைத்து, அதற்குள் டிரைவர் ஆறுமுகநயினாரை உட்கார வைத்தாள். முகத்துக்கு நேரே வலைத்துணி, கைகள் ஸ்டியரிங்கின் அடியில். வெளியிலிருந்து பார்த்தால் இருக்கை காலி. உள்ளே வெந்து சாகிறேன் என்று புலம்பினார் மனுஷன், பாவம். துறைமுக வாசலுக்குக் காத்திருக்கிற லாரி வரிசையில் வேனும் நின்று நின்று ஊர்ந்தது. கூரையில் பொருத்திய கேமரா சனங்களைப் படம் பிடித்தது.

வெளிநாடுகளில் காலி இருக்கையைக் கண்டதும் தயங்கினார்கள், பின்வாங்கினார்கள். இங்கேயோ! உப்பளத்துக்குப் போகிற பெண்கள், வேன் நிற்கிற நேரத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று வேனின் மூக்கை உரசிக்கொண்டு போனார்கள். சைக்கிள்காரர்கள் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. பயமாக இல்லையா என்று நிறுத்திக் கேட்டால், என்னத்துக்குப் பயம் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். தானோட்டி வண்டியை இவ்வளவு முழுசாக நம்புகிற சனத்தை இதுவரை யாரும் கண்டதில்லை என்று செல்வி எழுதினாள். அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த பேராசிரியர் பூரித்துப்போனார். கட்டுரை பெரிய இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு வெளியூர்க் கம்பெனி ஒன்று, தன்னுடைய நிஜமான தானோட்டிச் சரக்கு வண்டியை ஓட்டிப் பார்க்க இதே சாலையைக் கேட்டு வாங்கியது.

தீசிஸைக் கொடுக்கப்போகிற சமயத்தில் அவள் ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே லாரி வரிசை, அதற்கு அந்தப் பக்கம் அப்பா கடை. கையில் பை, காதில் போன். ஒரு லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு அடுத்த லாரிக்கு முன்னால் புகுந்து நடந்தாள். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. முதல் லாரியில் டிரைவர் இருந்தார். இரண்டாவதில் இல்லை, டீ குடிக்கப் போயிருப்பார். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் இப்படித்தான் கடக்கிறாள், ஊரே இப்படித்தான் கடக்கிறது. தலை தெரிந்தால் நிற்க வேண்டும். இருக்கை காலி என்றால் வண்டி கிளம்பாது, போகலாம்.

அவள் வேனை ஒருத்தரும் நம்பவில்லை. டிரைவர் இறங்கிப் போன வண்டி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மண்டைக்கு அது எட்டவில்லை பாருங்கள்!

அன்றைக்கே கைடைக் கூப்பிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம், கம்பெனிக்கும் சொல்லிவிடலாம் என்றாள். அவர் பதறவே இல்லை. திரும்பப் பெற்றால் தீசிஸே இல்லை, இன்னொரு நீட்டிப்பும் கிடைக்காது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். "தீசிஸ்ல ஆராய்ச்சியோட வரம்புகள்னு ஒரு பகுதி இருக்கில்ல, அதுல ஒரு பத்தி போட்டுடும்மா. அதுக்குத்தானே அது இருக்கு" என்றார்.

செல்வி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். பிறகு அந்தப் பத்தியை எழுதினாள். கடைசி அத்தியாயத்தில் கடைசிக்கு முந்தின பத்தி. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் முனைவரானாள்.

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். அவரோ கடை வாசலில் வருகிற போகிற லாரிக்காரருக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பட்டமளிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அதுவும் முடிந்தது. அப்போதும் சொல்லவில்லை. நினைத்தால் நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பெனி வண்டி வந்தது. அறிவிப்புப் பலகை வைத்தார்கள், ஊரே வேடிக்கை பார்த்தது. இது வேறு தினுசு வண்டி என்று தெரிந்ததும் சனங்கள் எட்டியே நின்றார்கள். சைக்கிளில் டீ கேனைக் கட்டிக்கொண்டு லாரிக்காரர்களுக்கு டீ விற்கிற சிலுவையும் தங்கதுரை கடை முன்னால் இறங்கி நின்றான். கம்பெனி வண்டி தனக்கு முன்னால் நின்ற லாரியை ஒட்டி நின்றிருந்தது. பேட்டரி வண்டி, உறுமல்கூட இல்லை. சிலுவை கடைக்காரரைப் பார்த்தான், அவரும் ஏதோ சொன்னார். அவன் ஏறி மிதித்தான். முன்னால் இருந்த லாரி நகர்ந்ததும், அதன் பின்னாலேயே வண்டியும் நகர்ந்தது. மூக்கடியில் சைக்கிள் நுழைந்தது அதற்குத் தெரியவில்லை. வண்டிக்குள்ளே பின்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி ஆள் கத்தி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உயிர் தங்கிவிடும், இரண்டு காலையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். செல்வி ஓடி வந்தபோது தங்கதுரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் டீக்கறையும் ரத்தமும்.

"நாந்தாம்ளா போவச் சொன்னேன்" என்றார். "அவன் நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். எம்மவ சோதிச்ச வண்டிதாம்லே, ஒண்ணுஞ் செய்யாது, போன்னு நாந்தாஞ் சொன்னேன்."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பழியை அவரே தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் அதற்கு மேல் அவளால் முடியவில்லை. லாரிக்குக் குறுக்கே நடந்த அன்று புரிந்தது, கைடு சொன்னது, எழுதிய அந்த ஒரு பத்தி, எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எனக்கு முன்னமே தெரியும்ப்பா."



"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டு ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு எழுந்து போனார். அறுவைச் சிகிச்சை அறை வாசலில் தரையில் சுருண்டு கிடந்த சிலுவையின் மனைவி ஞானதீபத்தின் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் தலையைத் தூக்கி, "அந்த வண்டி ஏன் நிக்கல அண்ணாச்சி? உங்க மவ படிச்சவல்லா, அவகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

தங்கதுரை மகள் இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதாம் தாயி."