கறாரக்காவின் குட்டி நாற்காலி

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மடியில் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார் அக்கா. வாய் ஓரிடத்தில், கண் வேறிடத்தில்.

"சார், ஆளையும் நீங்களே அனுப்பி, மார்க்கும் நீங்களே போட்டுக்கிட்டா நடுவுல நான் எதுக்கு சார்? ஒரு நிமிஷம் இருங்க, கட்டைவிரலுக்கு வந்திருக்கேன்."

மறுமுனையில் இருப்பவர் சாதாரண ஆளில்லை. இவர் நடத்தும் குழந்தைகள் நலத் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிற நிறுவனத்தின் அதிகாரி. அவரைக் காக்க வைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை ஓரம் பார்த்து வெட்டி, ஊதி, "அடுத்த கையக் குடு" என்கிறார். அதிகாரி காத்திருப்பார், குழந்தை ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. நான் பார்த்தவரை அந்தக் கணக்கு தப்பியதில்லை.

ஊழியர்கள் நேரில் 'அக்கா' என்பார்கள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அது 'கறாரக்கா' ஆகிவிடும். அவருக்கும் இது தெரியும். ஒருமுறை அவரே தொலைபேசியில், "நான்தான் கறாரக்கா பேசறேன்" என்று சொல்ல, எதிர்முனையில் இருந்த ஊழியர் நாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம். ஐம்பதைத் தாண்டியவர். உயரம் குறைவு, குரல் அதிகம். கைப்பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ நகவெட்டி இருக்கும். எந்தக் குழந்தைகள் மையத்துக்குள் நுழைந்தாலும் முதலில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் பாயை விரிக்கச் சொல்வார், ஈரமாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். பெரியவர்களுக்கான நாற்காலி எதிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குழந்தைகளுக்கென்று செய்த, முழங்கால் உயரம்கூட இல்லாத மர நாற்காலிதான் அவர் சிம்மாசனம். பார்க்க வருகிறவர்களுக்கும் அதையேதான் போடுவார். உட்கார்ந்தபின் எந்தப் பெரிய மனிதருக்கும் மிடுக்காக இருக்க முடிவதில்லை. என் முழங்கால்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப்போக, மாலையில் வந்து அழைத்துப்போக, ஊரின் பல மூலைகளில் பகல்நேர மையங்கள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, காய்ச்சல் வந்தால் மருந்து. இவ்வளவுதான் திட்டம். இந்த மையங்கள் இல்லையென்றால் அந்தப் பெண்களுக்கு இரண்டே வழி: வேலையை விடுவது, அல்லது பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது. கறாரக்கா இந்த வேலையை ஆரம்பித்ததே அப்படிப் பூட்டிய ஒரு வீட்டின் ஜன்னலில் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான். அதைப் பற்றி அதற்குமேல் பேசமாட்டார். "பார்த்தேன். அவ்வளவுதான்" என்று நிறுத்திவிடுவார்.

இப்போது பணம் வரும் காலம் முடிகிறது. தொடர்ந்து வர வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து திட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அந்த ஆலோசகரைத் தேடிப் பிடித்து அமர்த்துவதும் மதிப்பிடப்படுகிறவர்களின் பொறுப்புதான். பரீட்சை எழுதுகிறவரே திருத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்பது போன்ற வசதி இது. உலகத்தில் பல பேர் இந்த வசதியைச் சந்தோஷமாக அனுபவிக்கிறார்கள். கறாரக்காவுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். அக்கா, நிறுவனத்தின் பொருளாளர், வெளியாள் ஒருவர் வேண்டும் என்ற விதிக்காகப் பத்திரிகையில் எழுதுகிற நான். பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். பயம்தான் அவருக்கு ரத்தத்தில் ஓடுகிறது.

"அந்த அதிகாரி சொல்ற ஆளையே போட்டுடலாம்க்கா. அவர் எழுதினா எல்லாமே நல்லபடியா முடிஞ்சுடும். எதுக்கு வம்பை விலை குடுத்து வாங்கணும்?"

"நல்லபடியா முடியறதுக்கு இது என்ன சம்பந்தம் பேசறதா? எனக்கு ஜால்ரா அடிக்க ஆள் வேணாம். அது வேணும்னா நீங்க ஒருத்தர் போதும்."

பொருளாளர் சிரித்துவிட்டார். அக்கா திட்டினால் அவருக்கு ஏனோ தெம்பு வருகிறது.

நேர்காணலை அலுவலகத்தில் வைக்கலாம் என்றோம். அக்கா மாட்டேனென்றார். ஒரு மையத்தில், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் என்று பிடிவாதம். வருகிறவர் முதலில் குழந்தைகள் இருக்கும் அறையில் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பிறகு அடுத்த அறையில் எங்களிடம் வர வேண்டும். அக்கா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "என்ன பார்த்தீங்க?" படிப்பு, அனுபவம், பட்டங்களெல்லாம் தாளில் இருக்கட்டும் என்றார்.

முதலில் வந்தவர் அதிகாரி சிபாரிசு செய்த ஆலோசகர். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். குட்டி நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, பிறகு தன்னை மடித்து அதில் வைத்துக்கொண்டார்.

"என்ன பார்த்தீங்க?"

"அற்புதம் மேடம். நான் உள்ள போனதும் அத்தனை குழந்தைங்களும் எழுந்து நின்னு வரவேற்புப் பாட்டு பாடினாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

அந்தப் பாட்டைக் கட்டி, மெட்டுப் போட்டு, கைதட்டச் சொல்லிக் கொடுத்தவர் கறாரக்காதான். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்க்கும். அன்றும் எட்டிப் பார்த்தது.

"சரி. குறை ஒண்ணும் கண்ணுல படலையா?"

"குறைன்னு சொல்ல முடியாது மேடம். மேலும் மேம்படுத்த வாய்ப்புள்ள இடங்கள்னு எழுதிக்கலாம்."

"நல்லாப் பூசி மெழுகறீங்க. எங்க சுவத்துக்கே உங்களை வெச்சுக்கலாம் போலிருக்கே" என்றார் அக்கா. கோட்டுக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டுப் போனார்.

இடையில் வந்த சிலரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக வந்தவள் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். இதற்கு முன் இவள் எழுதிய ஓர் அறிக்கையால் வேறொரு நிறுவனத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனது என்று பொருளாளர் என் காதில் கிசுகிசுத்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"சாப்பாடு ஆறிப்போனதைப் பார்த்தேன்."

அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"நான் வாசல்ல நின்னதும் எல்லாரும் தட்டைக் கீழ வெச்சுட்டு எழுந்து பாட ஆரம்பிச்சாங்க. ஓரத்துல ஒரு சின்னப் பொண்ணு, குருவின்னு கூப்பிடறாங்க, அவ வாயில சோத்தோட பாடினா. புரையேறிடுச்சு. அப்பவும் நிறுத்தல. அவ என் முகத்தைப் பார்க்கல, ஷூவைத்தான் பார்த்தா. ஷூ போட்ட ஆள் வந்தா பாடணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு முன்னாடி வந்தவங்களுக்கும் இன்னிக்குப் பாடியிருப்பாங்க இல்லையா?"

குருவி என்பது அன்று அக்கா மடியில் நகம் வெட்டிக்கொண்ட அதே சிறுமி. அக்காவின் முகம் கருத்தது.

"அந்தப் பாட்டு இல்லன்னா இந்தக் கூரையே இல்ல, தெரியுமா உனக்கு? அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மொதமொதல்ல பணம் குடுத்தாங்க. பெருசாப் பேச வந்துட்ட!"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. நான் பதறிப்போனேன். அந்தப் பெண் பதறவில்லை.

"இருக்கலாம் மேடம். பாட்டைத் தப்புன்னு நான் சொல்லல. ஆனா அது பிள்ளைங்களுக்காகவா, வர்றவங்களுக்காகவா? என்ன பார்த்தேன்னு கேட்டீங்க, சொன்னேன்."

வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவள்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக ஓடி ஓடி உழைக்கிறவரின் முகத்துக்கு நேராக இப்படியா சொல்வது என்று தோன்றியது. பொருளாளருக்கோ மலையை இறக்கி வைத்த நிம்மதி. "அப்ப கோட்டுக்காரரே இருக்கட்டும், இல்லையாக்கா?" என்றார்.

அக்கா எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சோறு மிச்சமிருந்த தட்டுகளை ஊழியர் ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தட்டை வாங்கி, விரலால் சோற்றைத் தொட்டுப் பார்த்தார். எப்போதும் தரையைத் தொட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி. திரும்பி வந்தவர் கண்களில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அது வேறு யார் மேலோ திரும்பியிருந்தது.

"அவளையே போடுங்க."

"அக்கா! நம்ம வீட்டுக்கு வந்து நம்மளையே குத்திட்டுப் போனவ!"

"வேற யார் வீட்டுல போய்ச் சொல்லுவா? இத்தனை பேர் வந்தாங்களே, ஒருத்தனாவது சோத்தைப் பார்த்தானா? நான் பார்த்தேனா? தரையைத் தடவித் தடவிப் பார்த்தேன், தட்டைப் பார்க்கலையே!"

"பணம் நின்னுபோனா? அந்தத் தாய்மாருங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

இது நியாயமான கேள்வி. பயந்தவர் கேட்டாலும் நியாயம் நியாயம்தான். அக்கா கொஞ்ச நேரம் குட்டி நாற்காலியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் வீடு வீடா ஏறி இறங்குவேன். அன்னிக்கு ஏறாததா? கால் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் பிள்ளைங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்து எவனுக்கும் பாடக் கூடாது."

என் வாக்கும் அவருக்கே போனது. எரிச்சல் எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. அங்கேயே அதிகாரிக்குத் தொலைபேசி போட்டார். "ஆளை முடிவு பண்ணிட்டோம் சார். உங்க ஆள் இல்ல." எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டது. "யோசிச்சுத்தான் சார் சொல்றேன். நேர்லயே வர்றீங்களா? தாராளமா வாங்க. சாப்பாட்டு நேரமாப் பார்த்து வாங்க."

அடுத்த வாரமே அதிகாரி வந்தார், கூடவே இரண்டு பேருடன். அந்தப் பெண் ஏற்கெனவே வேலையைத் தொடங்கி, ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கறாரக்கா குழந்தைகளுக்கு நடுவே தரையில் இருந்தார். கை முழுக்கச் சோறு. அதிகாரி வாசலில் நின்று, பாட்டைக் கேட்பதற்கென்றே வைத்திருக்கும் புன்னகையைப் போட்டுக்கொண்டார். குழந்தைகளின் கண்கள் ஒருசேர அவருடைய பளபளக்கும் ஷூவுக்குப் போயின. தட்டுகள் கீழே இறங்கின. குருவி முதல் ஆளாக எழுந்து நின்று வாயைத் திறந்தாள். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற பொருளாளர், "ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று கையால் கெஞ்சினார்.

கறாரக்கா முழங்கையால் குருவியின் தோளை அழுத்தி உட்கார வைத்து, திறந்த வாய்க்குள் ஒரு கவளத்தை வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே, பக்கத்தில் கிடந்த குட்டி நாற்காலியைக் காலால் அதிகாரியை நோக்கித் தள்ளிவிட்டு, அடுத்த கவளத்தைப் பிசையத் தொடங்கினார்.