அத்தானின் வலது தோள்

அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் நேரத்தில் அத்தான் டீயைக் குடிக்கவே மாட்டார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

உள்ளே அக்கா ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாகப் பேசிக்கொண்டிருப்பாள்.

“மேம், நேத்து ஸ்குவாட்ல முட்டி உள்ள வந்துச்சு. இன்னைக்கு சரி பண்ணிடலாம். பிளாங்க்ல இடுப்பு தொங்கக் கூடாது, கோர் டைட்டா வெச்சுக்கோங்க. லாஸ்ட் ரெப்ல ஏமாத்தாதீங்க, நான் பார்த்துட்டுதான் இருப்பேன்.”

மெசேஜ் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டதும் அத்தான் என் பக்கம் திரும்புவார். நான் சுவரோரம் வேலை விளம்பரங்களைத் துழாவிக்கொண்டிருப்பேன்.

“என்ன பட்டதாரி, உங்கக்கா என்ன சொன்னா?”

“உடற்பயிற்சி சம்பந்தமா ஏதோ சொல்றா அத்தான்.”

“அது எனக்கும் தெரியும். கோர்னா என்ன?”

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்ததும் ஆங்கில இலக்கியம். கடல் பயணங்களைப் பற்றிய கதைகளில் பிளாங்க் என்றால் மரப்பலகை என்று படித்திருக்கிறேன். அக்கா அதைச் சொல்லும்போது எந்தப் பலகையைச் சொல்கிறாள் என்று விளங்கவில்லை. ரகசியமாகப் போனில் தேடி, முழங்கையும் கால்விரல்களும் மட்டும் தரையில் பட, உடம்பைப் பலகை போல நிறுத்துவதுதான் அது என்று கண்டுபிடித்தேன். கோர் என்பது வயிறும் இடுப்பும் சேர்ந்த நடு உடம்பு. முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். அப்படி ஒரு தடவை இறங்கி எழுந்தால் ஒரு ரெப், பல ரெப் சேர்ந்தால் ஒரு செட். இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவள் போல அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

“இவ்வளவுதானா? தினமும் மூணாவது மாடிக்கு கேன் தூக்கறேனே, அது என்ன செட்டு?”

அத்தான் தண்ணீர் கேன் போடுகிறவர். சொந்தமாகப் பழைய வேன் ஒன்று உண்டு. அதன் பின்கதவு கயிற்றின் தயவில் நிற்கிறது. லிஃப்ட் இல்லாத கட்டடங்களாகப் பார்த்து வாடிக்கை பிடித்திருந்தார், போட்டிக்கு யாரும் வர மாட்டார்கள் என்பதால். கேன் எப்போதும் வலது தோளில்தான், படியேறும்போது வாயில் பாட்டு வேறு இருக்கும். நான் கல்லூரிக்குப் போன நாட்களில் போகும் வழிதானே என்று கேன்களுக்கு நடுவே என்னையும் உட்காரவைத்து இறக்கிவிடுவார். “இந்த கேன் மட்டும் உடையக்கூடியது, பார்த்து இறங்கு” என்று என் தோழிகள் முன்னால் கத்துவார். எனக்கு மானம் போகும். அவருக்கு அது பெரிய நகைச்சுவை.

வேடிக்கையான மனிதர்தான். ஆனால் பொறாமை வந்தால் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. அக்கா ஜிம்மில் தரை துடைத்த காலத்தில் இந்தத் தொந்தரவு இருக்கவில்லை. பெண்களுக்குக் காலையில் பயிற்சி கொடுத்த பெண் திருமணமாகி ஊரைவிட்டுப் போய்விட, அடுத்த ஆள் கிடைக்கும்வரை அக்காவையே வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஓனர். அடுத்த ஆளைத் தேடும் வேலையே வரவில்லை. அக்காவுக்குச் சட்டை மாறியது, பேச்சு மாறியது, நிற்கும் விதம்கூட மாறியது. அந்தச் சொற்களையெல்லாம் அவளுக்குப் பழக்கிவிட்டவர் ஆண்கள் பிரிவின் கோச். மஞ்சள் கருவைத் தொடாமல் முட்டை வெள்ளையாகவே தின்னும் இளைஞர். அத்தான் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

“முட்டை வெள்ளை இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தான்?”

“அவருக்கு ஒரு பேர் இருக்குங்க.”

“மார்பு அவ்வளவு அகலமா இருக்கு. பேரு எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு தெரியலையே.”

அக்கா சிரித்துவிடுவாள். அத்தான் சிரிக்க மாட்டார். சிரிக்கவைத்தது தானா, அந்த மார்பின் நினைப்பா என்ற சந்தேகம் வந்துவிடும்.

அத்தானைப் பற்றி மட்டும் இப்படி எழுதிக்கொண்டு போவது நியாயமில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. அக்கா பத்தாவதோடு நின்றவள். அவளிடம் இருக்கிற ஆங்கிலச் சொற்களை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். ஆனால் வகுப்புக்கு வரும் ஒரு வங்கி மேனேஜர் அம்மாளை “டவுன், டவுன், இன்னும் கொஞ்சம், ஹோல்ட்!” என்று அதட்டி உட்காரவைக்கிறாள். அந்த அம்மாளும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்கிறார். நானோ நேர்முகத் தேர்வுக்குப் போனால் குட் மார்னிங் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மொழி யாருக்குச் சொந்தம்? படித்தவளுக்கா, பயமில்லாதவளுக்கா? இந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே அக்கா இஸ்திரி போட்டுவைத்த ஜிம் சட்டையைப் பார்ப்பேன். முதுகில் ‘டிரெய்னர்’ என்று எழுதியிருக்கும்.

பிரச்சினை முற்றியது ஓனர் அக்காவை மாலை வகுப்புக்குக் கேட்டபோது. மாலையில் ஆணும் பெண்ணும் கலந்து வருவார்கள். பெரிய பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் தன் மதிப்பு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். பதிலாக, தண்ணீர் குடிக்கும்போது டம்ளரை டொக்கென்று வைத்தார். கதவைச் சாத்தும்போது வீடே அதிர்ந்தது. அக்கா எதையும் காதில் வாங்காதவள் போலத் துணி மடித்தாள். ஆனால் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வேலையை எவ்வளவு விரும்புகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பதும் புரிந்தது.

வியாழக்கிழமை மதியம் அத்தான் என்னிடம் வந்தார்.

“பட்டதாரி, நான் ஜிம்மில சேரப்போறேன். ஒரு நாள் சும்மா பார்க்க விடுவாங்களாம். நீயும் வா.”

“நான் எதுக்கு அத்தான்?”

“இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டாங்கன்னா?”

மாலை போனோம். அக்கா வகுப்பு நடக்கும் முறையைப் பார்த்துப் பழக அங்கேயே தங்கியிருந்தாள். எங்களைக் கண்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அத்தான் அவளைப் பார்க்காதது போல நேரே முட்டை வெள்ளையிடம் போனார்.

“வாங்க அண்ணா. முதல்ல வார்ம் அப் பண்ணிடலாம்.”

“காலைல இருந்து எனக்கு வார்ம் அப்தான் தம்பி. பெருசா ஒண்ணு எடுத்துக் குடு.”

கோச் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தான் கேட்கவில்லை. கடைசியில் கோச் இரண்டு பக்கமும் சிறிய தட்டுகள் கோத்த நீளக் கம்பியைக் காட்டினார். அத்தான் குனிந்தார், எடுத்தார், எடுத்த வேகத்தில் அதை வலது தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டைத் தேடுகிறவர் போல நின்றார்.

கண்ணாடிச் சுவரில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணா, ரெண்டு கையாலயும் பிடிச்சு தலைக்கு மேல தூக்கணும்.”

“தெரியும் தம்பி, எடை பார்த்தேன்.”

தூக்கினார். வலது கை ஒரே மூச்சில் மேலே போய்விட்டது. இடது கை காதருகே நின்றுவிட்டது. கம்பி தராசு போல ஒரு பக்கம் சாய்ந்தது. அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. கோச் பின்னாலிருந்து பிடித்து இறக்கிவைத்தார். இன்னொருவர் ஏந்திப் பிடித்த அவமானத்தில் அத்தான் கண்ணாடியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

அக்கா வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவரைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தினாள். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. வீட்டில் அவர் வாசலில் நிற்பார், இவள் அடுப்பைப் பார்ப்பாள். அவர் படுத்திருப்பார், இவள் போர்வையை இழுத்துவிடுவாள்.

“செருப்பைக் கழட்டுங்க. கையைத் தொங்கவிடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க.”

அத்தான் சொன்னதைச் செய்தார். அவருடைய வலது தோள் இடது தோளைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. தினமும் பார்க்கிற உடம்பு. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

அக்கா முதுகுத்தண்டின் மேலிருந்து கீழே விரலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கோச்சைக் கூப்பிட்டாள். இருவரும் அத்தானின் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். ரைட் சைட் ஓவர்லோட், லெஃப்ட் வீக், போஸ்ச்சர், பெயின். நடுநடுவே தமிழ். அத்தானின் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. அவருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத இரண்டு விஷயங்கள் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அக்காவும் முட்டை வெள்ளையும் பேசுவது ஒன்று. அதை ஆங்கிலத்தில் பேசுவது இன்னொன்று. மேடை அவருடைய முதுகு.

வேனில் திரும்பும்போது முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் காலி கேன்களோடு நானும் இருந்தோம்.

“எனக்குப் புரியாதுன்னுதானே பேசினீங்க?” என்றார் அத்தான். “வீக்குன்னே. பெயின் இருக்கும், சொல்ல மாட்டாருன்னே. எல்லாம் புரிஞ்சுது.”

“பொய்யா சொன்னேன்? வலி இருக்கா இல்லையா?”

அத்தான் கியரை மாற்றினார்.

“ரொம்ப நாளா இருக்கு,” என்றார்.

“என்கிட்ட ஏங்க சொல்லலை?”

“ஊர்ல உள்ளவங்க முட்டி உள்ள வந்தா உனக்குத் தெரியுது. இடுப்பு தொங்கினா தெரியுது. என்னைப் பார்த்தே கண்டுபிடிப்பேன்னு இருந்தேன்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மாலை வேலை வேணாம்னு சொல்லிடறேன்,” என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“யாரு சொல்லச் சொன்னா? எடு.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“எடு. ஆனா அந்த வகுப்புல என்னையும் சேத்துக்கோ.”

“வீட்லயே சொல்லித் தர்றேங்க. எதுக்கு அவ்வளவு தூரம்?”

“வீட்ல நீ பார்க்க மாட்டே. அங்கதான் பார்க்கிற.”

பின்னால் ஒரு காலி கேன் உருண்டு என் காலில் வந்து இடித்தது. அத்தான் கேட்டதைப் போல, அவ்வளவு வெட்கமில்லாமல், நான் யாரிடமாவது எதையாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். வேலை கேட்கும்போதுகூட ‘தங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு இருப்பின்’ என்றுதான் எழுதுகிறேன்.

மாதப் பிறப்பிலிருந்து அக்கா மாலை வகுப்பை எடுத்தாள். முதல் நாள் நானும் போயிருந்தேன். சுவரோரம் ஒரு நாற்காலி கிடைத்தது. அத்தான் பின்வரிசையில், புது டிராக் பேண்டில், கையில் எடையில்லாத ஒரு மரக்கோலோடு நின்றார். அவருக்கு இப்போதைக்கு அதுதான் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் கையிலெல்லாம் டம்பெல். அது அவருக்கு ஒரு தனி எரிச்சல்.

முட்டை வெள்ளை ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் காலருகே வைத்துவிட்டுப் போனார். அத்தான் நன்றிகூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயசைத்தார்.

“கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வகுப்பு தொடங்கியது. எல்லோரும் கைகளை மேலே தூக்கினார்கள். அக்கா வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். முன்வரிசையில் ஒல்லியான ஒருவர், அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர், முழங்கையை மடக்கிக்கொண்டு திணறினார். அக்கா பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்து நேராக்கினாள். “குட். அப்படியே ஹோல்ட்.”

அத்தானின் பார்வை கோலை விட்டு அந்தக் கையின் மேல் போனது. அவருடைய இடது பக்கம் மெல்லச் சரிந்தது.

அக்கா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“பின்னாடி வரிசை. லெஃப்ட் கை இறங்குது.”

பின்வரிசையில் எல்லோரும் தங்களைத்தான் சொல்கிறாள் என்று பதறி இடது கையை உயர்த்தினார்கள். யாரைச் சொன்னாள் என்று அத்தானுக்கு மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும்விட உயரத் தூக்கினார். வலித்திருக்க வேண்டும். ஆனால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

நானும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதுகை நேராக்கி, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, சற்று நேரம் அப்படியே இருந்து பார்த்தேன். அக்கா என்னையும் கவனித்துவிட்டு என் பக்கம் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.