காலைப் பார்க்கிற வாசல்காரர்

ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. புதூர்நாட்டுப் பக்கம் புதிதாக வந்த ரிசார்ட்டில், ஞாயிறு மத்தியான டிஜே ஆட்டத்துக்கு அவர்தான் வாசல்காரர். முறுக்கு மீசை, தொளதொளத்த நீலச் சட்டை. ஷூ போட்ட என் நண்பர்களை உள்ளே விட்டவர், என் ரப்பர் செருப்பைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார்.

“செருப்போட உடக்கூடாதுங்க. மொதலாளி ஆர்டரு.”

“ஆடப்போறது காலு. செருப்பு உங்கள இன்னா பண்ணுச்சு?” என்று கத்தினேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாயங்காலம் எங்க களத்துக்கு வாங்க. சாமைக் கதிரு அடிச்சாச்சு, மேளம் வெச்சிருக்கோம்.”

டிஜே முடிந்து வெளியே வந்த நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போனேன். களத்தின் ஓரத்தில் நின்றவர் மறுபடி எங்கள் கால்களைத்தான் பார்த்தார்.

“தானியம் கெடக்குற எடம். கழட்டிட்டு வாங்க.”

நண்பர்களின் ஷூ, என் செருப்பு, அவருடைய டூட்டி ஷூ எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. ஷூ எல்லோரிடமும் இருக்காது. கழற்றுவது யாராலும் முடியும். இந்த வாசலில் எனக்குக் கோபமே வரவில்லை.

மேளம் எழும்பியது. வெறுங்காலோடு குதித்து ஆடிய அந்த மனிதர், அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.