பெரியப்பா சிக்கிக்கொண்ட குகை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. கோயில் தலைவர் பதவிக்குப் பெரியப்பா நின்றார். கூட்டத்தில் அப்பா எதிராளிக்குக் கை தூக்கினார். அதற்குப் பிறகு கூலிமில் இருந்த எங்கள் வீட்டுக்கும் புக்கிட் செலம்பாவில் இருந்த பெரியப்பா வீட்டுக்கும் தீபாவளிப் போக்குவரத்துகூட நின்றுபோனது.

அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் தினமும் தொலைபேசியில் பேசினார்கள். பள்ளி விடுமுறையில், ஈப்போவைத் தாண்டி இருக்கும் பெரிய குகைக்குப் போவதாக அவர்களே முடிவு செய்தார்கள். பெரியப்பாதான் வேன் ஓட்டப்போகிறார் என்பது, அது வாசலில் வந்து நின்றபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. நான் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டதால் அவரும் ஏறி, கடைசி இருக்கைக்குப் போனார்.

வழியெல்லாம் நான்தான் தூது.

"பாப்பா, ஏர்கோன் குளிர் போதுமான்னு உங்கப்பாவக் கேளு."

"போதும்னு சொல்லு."

இரண்டையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். பெரிய உத்தியோகம் கிடைத்த பெருமை எனக்கு.

குகை வாசலில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே நேரத்தில் முட்டி வலித்தது. எங்கள் மூவரையும் ஓர் இளம் மலாய் வழிகாட்டியோடு அனுப்பிவிட்டு, பலகாரப் பையோடு நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். மின்விளக்கு எரிந்த பெரிய மண்டபங்களைக் கடந்து, படியிறங்கி, நிலத்தடி ஓடைக்குள் நடந்தோம். பிறகு குப்புறப் படுத்து ஊர்ந்தால்தான் போகமுடியும் என்கிற ஒரு சந்து வந்தது. வழிகாட்டி முதலில் போனார். அடுத்து நான், எனக்குப் பின்னால் பெரியப்பா, கடைசியில் அப்பா.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். பெரியப்பாவின் தலையும் கைகளும் மட்டும் வந்திருந்தன. வயிறு வரவில்லை.

"பெர்லாஹான், பாக்சிக்," என்று வழிகாட்டி பெரியவரை மெதுவாக வரச் சொல்லிக் கையைப் பிடித்தார். லாரி ஓட்டும் அந்தப் பெரிய மனிதர் பயந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"டேய்... பின்னால இருக்கியாடா?"

"இருக்கேண்ணே," என்று இருட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பயப்படாத. மூச்ச வெளிய விடு. நான் தள்ளுறேன்."

நான் என் கடமையை விடவில்லை. "பெரியப்பா, அப்பா உங்கள மூச்ச வெளிய விடச் சொல்றாரு."

"எனக்குக் கேட்டுச்சு லா!"

அப்பா தள்ள, வழிகாட்டி இழுக்க, சேற்றோடு சேறாகப் பெரியப்பா வழுக்கி வந்து விழுந்தார். பின்னாலேயே வந்த அப்பா அவரைப் பார்த்தார். இருவரும் தண்ணீரில் உட்கார்ந்தபடியே சிரிக்கத் தொடங்கினார்கள். அப்பாவின் கை பெரியப்பாவின் தோளிலேயே வெகுநேரம் இருந்தது.

திரும்பும்போது அப்பா முன்னால் உட்கார்ந்தார். தைப்பிங் வருவதற்குள் கோயில் பேச்சு வந்துவிட்டது.

"நீ கை தூக்குனியா இல்லியா?"

"தூக்குனேன். இப்பவும் தூக்குவேன் லா!"

வேனே அதிரும்படி சத்தம். பதறிப்போய் அம்மாவை எழுப்பினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "நல்லா பேசட்டும், விடு," என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். பெரியம்மா என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டு அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

இவ்வளவு பெரிய சண்டையில் இவர்களுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை. இந்தச் சத்தம் ஓயவேண்டும், இருவரும் முன்போல அமைதியாக வரவேண்டும் என்று கூலிம் வரைக்கும் பிள்ளையாரை வேண்டிக்கொண்டே வந்தேன். நல்லவேளையாக, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.