குழாய் கேட்கப் போன நாள்

யுத்தம் முடிந்த மறு வருஷம். அடையாற்றங்கரைக் குப்பத்துக்குக் குழாய் கேட்டு, அங்கே குடியிருந்த முனியம்மாவுடன் கார்ப்பரேஷனின் வெள்ளை மாளிகைக்குப் போனேன். நான் மயிலாப்பூர் ஆசிரியை; மனு எழுதியவள்.

“நீ வெளியிலேயே இரு, நான் பேசிண்டு வரேன்” என்றேன். அவள் கேட்காமல் கூடவே படியேறினாள்.

உயர்ந்த தூண்களையும் அதிகாரியின் பெரிய மேஜையையும் பார்த்ததும் மனுவை நீட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலருகே நின்றுவிட்டேன்.

முனியம்மா முன்னால் வந்தாள். “நைனா, அம்பது குடிசைக்கு ஒரே கெணறு கீது. அதுவும் உப்பு. கொயந்திங்க வாந்தி எடுத்துக்கினு கீதுங்க.”

“உக்காருங்கம்மா” என்று அவளுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு அதிகாரி பேனாவை எடுத்தார்.

வெளியே வந்ததும், அவளை வெளியிலேயே இருக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “இன்னாத்துக்கும்மா? மனு நீதானே எய்தினே” என்றாள்.

இரண்டு மாதத்தில் குழாய் வந்தது. அந்த மாளிகையை எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அது ஊருக்குச் சொந்தமானது என்று முனியம்மா படியேறிய அன்றுதான் எனக்குப் புரிந்தது.