கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பட்டியல்

கம்பியூட்டர் ஒன்றைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதன் உறுப்புகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். மதர்போர்ட், பிராசசர், ராம், பவர் சப்ளை என்று வாய்ப்பாடு போல ஒப்புவிப்பேன். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. அவன் தன் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதமாக ஒரு கம்பியூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தான். கூட்டாளி ஒருவன் வீட்டில் பார்த்த கார்ப் பந்தய விளையாட்டு அவனைப் பிடித்து ஆட்டியது. அந்த விளையாட்டுக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், இல்லாவிட்டால் அது திறக்கவே மாட்டாது என்று மட்டக்களப்பு நகரத்துக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு கார்டைக் காப்பாற்ற அண்ணன் மற்ற எல்லாவற்றையும் வெட்டினான். ஸ்பீக்கர் போனது. புது மொனிட்டர் போய்ப் பழையது வந்தது. ராம் பாதியானது. கார்ட் மட்டும் அசையாமல் கிடந்தது.

பணம் அம்மாவுடையது. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். போய் இரண்டு வருடம் முடியப்போகிறது, சித்திரைப் புதுவருடத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடைக்கு அவருடைய அழைப்பு வரும். அப்பா, அண்ணன், நான் மூவரும் முன்கூட்டியே போய் வாங்கில் உட்கார்ந்திருப்போம். அம்மாவின் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். நான் பேசும்போது அவரும் பேசுவார், இருவரும் ஒன்றாக நிறுத்துவோம், பிறகு இருவரும் ஒன்றாகத் தொடங்குவோம். அம்மாவின் முகம் எனக்கு மங்கத் தொடங்கியிருந்தது. இரவில் கண்ணை மூடி அதைக் கொண்டுவரப் பார்ப்பேன், வராது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அம்மா அதைச் சொன்னார்.

"அந்தக் கார்ட்டும் வாங்கிறெண்டா சித்திரைக்கு வரேலாது புள்ள. இன்னும் ஒரு வருசம் இரிக்கணும்."

சரி, கார்ட் வேண்டாம் என்று அப்பா சொல்லுவார் என நம்பினேன். அப்பா வாவியில் வலை வீசுகிறவர், சவர்க்காரம் கரைவதற்கே எங்களோடு சண்டை பிடிப்பவர். அவரோ ரிசீவரை வாங்கி, "அவன் கேக்கிறத வாங்கிக் குடுப்பம்" என்றார். எனக்குக் காது சுட்டது. ஒரு கார் விளையாட்டுக்காக என் அம்மாவை ஒரு வருடத்துக்கு விற்கிறார்கள் என்று நினைத்தேன்.

சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் இப்படிப்பட்ட மின்சாமான்களைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவர கிராம சேவகரின் கடிதம் இருந்தால் நல்லது. என்னென்ன பொருள் என்று அதில் வரிசையாக எழுதி முத்திரை குத்த வேண்டும். கடிதத்தில் இல்லாத ஒரு வயரைக்கூடக் கடைக்காரர் பெட்டியில் வைக்க மாட்டார். வீட்டில் என் கையெழுத்துத்தான் நல்லது என்பதால் பட்டியலைப் பார்த்து எழுதும் பெருமை எனக்கு வந்தது. வட்டமான எழுத்தில் ஒன்பது பொருட்களை எழுதினேன். பத்தாவதை எழுதவில்லை. கிராம சேவகர் என் எழுத்தைப் பாராட்டி முத்திரை குத்தினார்.

அண்ணனை நகரத்துக்குக் கூட்டிப்போக அப்பா சம்மதிக்கவில்லை. தனியாகப் போய், பெட்டிகளோடும் எதிர்பாராத மிச்சக் காசோடும் பஸ்ஸில் வந்திறங்கினார். அண்ணன் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டி முடித்தபோதுதான் கார்ட் இல்லாத விஷயம் தெரிந்தது. "மறந்துபோயிட்டுது" என்றேன். பத்து வயதுப் பிள்ளையின் மறதியை யார் சந்தேகிப்பார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை ரிசீவரை நானே முதலில் பறித்தேன்.

"கார்ட் இல்லாமலே கம்பியூட்டர் ஓடுது அம்மா. நீங்க வாங்க."

பொய்யில்லை. கம்பியூட்டர் ஓடியது, விளையாட்டுத்தான் ஓடவில்லை. அம்மா சிரித்தது கொஞ்சம் பிந்தி என் காதுக்கு வந்தது. "அப்ப சித்திரைக்கு வாறன் புள்ள" என்றார். வீடு வரும்வரை துள்ளிக்கொண்டே வந்தேன்.

அண்ணன் ஒரு வாரம் அந்தப் பெட்டியில் சீட்டு விளையாடிப் பார்த்தான். பிறகு அலுத்துவிட்டது. ஒரு பின்னேரம் அவனைக் காணவில்லை, சைக்கிளையும் காணவில்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கார் ஓட்டலாம் என்று களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு கடை இருந்ததாம். அப்பா வலையைப் போட்டது போட்டபடி விட்டு, சேட்டுக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுச் சைக்கிளில் பறந்தார். பொழுதுபடும் நேரம் திரும்பி வந்தார். பதினாறு வயது அண்ணனைச் சின்னப்பிள்ளை போல முன்பாரில் இருத்தி மிதித்து வந்தார். இறங்கியதும் ஓர் அறை விட்டார். பிறகு அவரே அவனைக் கட்டிப்பிடித்து விம்மி அழுதார்.

டியூசனுக்குப் போகும் வழியில் பையன்களை இயக்கத்துக்குப் பிடித்துச் சண்டைக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற கதை எனக்கும் தெரியும். ஆனால் அது மற்ற வீடுகளில் நடப்பது என்றுதான் வைத்திருந்தேன். நான் கண்டது ஒரு விளையாட்டுக்காக அழும் அப்பாவை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார். பிறகு அம்மா என்னைக் கூப்பிடச் சொன்னார். ரிசீவரைக் கையில் எடுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் எழுதாம உட்டன் அம்மா. நீங்க வரணும் எண்டுதான்."

"அழாத மகள். என்ட புள்ளயில்லா நீ" என்றார் அம்மா. அவர் குரலும் உடைந்திருந்தது. "நாளைக்கே கடிதம் எழுது. அந்தக் கார்ட்ட முதலாவதா எழுது. நான் இன்னும் ஒரு வருசம் இரிந்திட்டு வாறன்."

எழுதினேன். எழுத்து வட்டமாக வரவில்லை.

கார்ட் வந்தது. விளையாட்டு திறந்தது. அண்ணன் பாடசாலைக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்து ஓட்டினான், ஒருவரும் ஏசவில்லை. விளையாட்டில் ஓர் எழுத்தும் புரியாத அப்பா பக்கத்தில் வாங்கைப் போட்டு உட்கார்ந்து, அவன் எழும்பப் பார்க்கும்போதெல்லாம், "இன்னொருக்கா ஓட்டு மனே, பாப்பம்" என்பார். அந்தக் குழைவை அவர் என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை. சித்திரை வந்தது, அம்மா வரவில்லை. அந்த வருடம் நான் பலகாரத்தைத் தொடவில்லை.

அடுத்த சித்திரைக்கு முன்பு அம்மா வந்தார். வாடகை வான் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எத்தனையோ தரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஓடியும் போனேன். அம்மா என்னைத் தாண்டி நேராக அண்ணனிடம் போனார். அவன் தலையை, தோளை, இரண்டு கைகளையும் விரல்வரை தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே படலை வாசலில் மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "மகள், கதவத் திற" என்று அம்மா எத்தனை தரம் கூப்பிட்டும் திறக்கவில்லை. அண்ணன் வயதுப் பையன்கள் எங்கள் தெருவில் இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.